கப்பல் காத்திருக்காது: ஏழு நாள், ஏழு துறைமுகம்

கிளம்பும் முன்: காகிதம்

கிரீஸின் பிரேயஸில் ஏறி, இத்தாலியின் சிவிட்டாவெக்கியாவில் இறங்கும் வழித்தடம் இது. நடுவில் குஷாடசி, சான்டோரினி, கட்டாகோலோன், மெசினா, நேப்பிள்ஸ். கப்பல் நிறுவனம் விற்கும் சுற்றுலாச் சீட்டு எதையும் வாங்காமல், ஒவ்வொரு ஊரிலும் சொந்தமாக இறங்கிச் சுற்றிவிட்டுத் திரும்புவதுதான் திட்டம். கிரீஸ், துருக்கி, மறுபடி கிரீஸ், பிறகு இத்தாலி. இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி எதிரே வைத்துக்கொண்ட பிறகே விசா விண்ணப்பத்தைத் தொடவேண்டும்.

காரணம் குஷாடசி. அது துருக்கி; ஒரே விசாவில் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டமான ஷெங்கனின் எல்லைக்கு வெளியே. பிரேயஸிலிருந்து அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியேறியதாகக் கணக்கு. மறுநாள் சான்டோரினி வந்தால் அது இரண்டாவது நுழைவு. விசா ஸ்டிக்கரில் நுழைவுகளின் எண்ணிக்கைக்கு ஒரு சின்னக் கட்டம் இருக்கும். அதில் 1 என்று இருந்தால் இந்தக் கப்பலில் ஏறவே விடமாட்டார்கள். 2 இருந்தால் போதும், ஆனால் மட்டுமட்டு. காற்று அடித்து வழித்தடம் மாறி, சான்டோரினிக்குப் பின் இன்னொரு துருக்கித் துறைமுகம் சேர்ந்துவிட்டால் மூன்றாவது நுழைவு தேவைப்படும். ஆகவே பலமுறை நுழைவு என்றே கேட்டு விண்ணப்பிக்க வேண்டும். அப்படிக் கேட்டும் ஒரே நுழைவு தந்துவிடுவதுண்டு. பாஸ்போர்ட் கைக்கு வந்ததும் முதலில் பார்க்கவேண்டிய கட்டம் அதுதான், தேதியெல்லாம் அப்புறம்.

எந்த நாட்டிடம் விண்ணப்பிப்பது? அதிக நாள் தங்கும் நாட்டிடம். இந்தப் பயணத்தில் கிரீஸில் மூன்று துறைமுகம், இத்தாலியில் மூன்று துறைமுகம், சரிசமம். அப்படியானால் முதலில் நுழையும் நாடு, அதாவது கிரீஸ். ஆனால் இறங்கிய பிறகு ரோமில் மூன்று இரவு தங்குவதாக இருந்தால் கணக்கு இத்தாலிப் பக்கம் சாய்ந்துவிடும். கப்பல் டிக்கெட்டோடு முன்னும் பின்னும் உள்ள ஓட்டல் இரவுகளையும் சேர்த்து எண்ணவேண்டும். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். 15 நாளுக்குக் குறையக்கூடாது. கட்டணம் 2024 ஜூன் முதல் பெரியவர்களுக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோ மதிப்பில் மருத்துவக் காப்பீடு கட்டாயம். வாங்கும் காப்பீட்டில் கப்பலைத் தவறவிட்டால் அடுத்த துறைமுகம் போகும் செலவும் அடங்குமா என்று பார்த்து வாங்குங்கள். ஷெங்கனில் எந்த 180 நாளிலும் 90 நாள்தான் என்ற வரம்பு, விசா தேவைப்படாத பாஸ்போர்ட்டுக்கும் சேர்த்துத்தான்.

துருக்கிக்கு? கடல் வழியாக வந்து துறைமுக நகரத்தையும் சுற்றுப்புற மாகாணங்களையும் 72 மணி நேரத்துக்குள் பார்த்துவிட்டுப் போகிறவர்களுக்கு விசா விலக்கு தர அந்நாட்டுச் சட்டத்தில் இடம் உண்டு. இதைப் படித்துவிட்டு நிம்மதியாக உட்கார்ந்துவிடக் கூடாது. செக்-இன் மேசையில் உட்காருபவர் சட்டத்தைப் பார்ப்பதில்லை, நிறுவனத்தின் விசாப் பட்டியலைத்தான் பார்க்கிறார். உங்கள் நாட்டுப் பாஸ்போர்ட்டுக்கு அந்தப் பட்டியலில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நிறுவனத்திடம் மின்னஞ்சலில் கேட்டு, வரும் பதிலை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொள்வது நல்லது. இன்னொன்று: துருக்கியில் இறங்காமல் கேபினிலேயே இருந்துவிடுகிறேன் என்பது செல்லாது. கப்பல் அந்தத் துறைமுகத்தைத் தொட்டால் பயணிப் பட்டியலில் உள்ள எல்லோருக்கும் காகிதம் சரியாக இருக்கவேண்டும் என்றுதான் நிறுவனங்கள் கேட்கும்.

பாஸ்போர்ட்டுக்கு ஷெங்கன் விதி: வெளியேறும் நாளுக்குப் பின் 3 மாதம் செல்லுபடி, வழங்கி 10 ஆண்டுக்குள், விசா ஒட்ட இரண்டு வெற்றுப் பக்கம். கப்பல் நிறுவனங்கள் பல 6 மாதம் கேட்கின்றன. எது கடுமையோ அதையே வைத்துக்கொள்ளுங்கள்.

பெயரில்தான் பலர் மாட்டுகிறார்கள். பாஸ்போர்ட்டின் படப் பக்கத்துக்குக் கீழே, அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். வரிக்கு 44 இடம். கருவி படிப்பது அந்த வரிகளைத்தான். குடும்பப்பெயர், இரண்டு அம்புக்குறி, பிறகு சொந்தப் பெயர் என்று அதில் எந்த வரிசை இருக்கிறதோ அதே வரிசையில் கப்பல் முன்பதிவும் இருக்கவேண்டும். குடும்பப்பெயர் இடம் காலியாக உள்ள பாஸ்போர்ட் என்றால் இணையப் படிவம் திணறும். சிலர் இனிஷியலைப் போட்டுச் சமாளித்துவிடுவார்கள், துறைமுகத்தில் அது வேறு ஆளாகத் தெரியும். நிறுவனத்தை அழைத்து அவர்கள் சொல்லும் முறைப்படி போடச் சொல்லவேண்டும். பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண்ணும் மாறிவிடும். கப்பல் பயணிப் பட்டியலை வருகைக்கு 24 மணி நேரம் முன்பே துறைமுகத்துக்கு அனுப்பிவிடுவதால், கடைசி நேரத் திருத்தம் தலைவலிதான். குழந்தை ஒரு பெற்றோருடன் மட்டும் வருகிறது என்றால் மற்றவரின் சம்மதக் கடிதம், நோட்டரி கையெழுத்தோடு.

நாள் 1: பிரேயஸ்

ஏறும் நாளிலேயே விமானத்தில் வந்து இறங்குவது சூதாட்டம். முந்தைய நாளே ஏதென்ஸ் வந்துவிடுவதுதான் சரி. 2025 அக்டோபர் 12 முதல் ஷெங்கன் எல்லைகளில் முத்திரைக்குப் பதில் விரல்ரேகையும் முகப்படமும் பதியும் முறை வந்திருக்கிறது. முதல்முறை பதிவுக்கு நேரம் பிடிக்கும், அந்த வரிசையையும் கணக்கில் வையுங்கள்.

விமான நிலையத்திலிருந்து மெட்ரோவின் நீல நிற 3ஆம் தடம் 2022 அக்டோபர் முதல் பிரேயஸ் வரை நேராக வருகிறது, ஏறத்தாழ ஒரு மணி நேரம். பயணக் கப்பல் முனையங்களுக்குக் கிட்ட இருப்பது டிமோட்டிகோ தியேட்ரோ நிலையம். அதற்கு முந்தைய பிரேயஸ் நிலையம் தீவுப் படகுகள் நிற்கும் பக்கத்தில் இருக்கிறது. பெயரை நம்பி அங்கே இறங்கினால் பெட்டியை வெகுதூரம் இழுக்கவேண்டும். இரவில் வந்தால் 24 மணி நேரமும் ஓடும் எக்ஸ்96 பேருந்து.

ஏதென்ஸின் பண்டைய குன்றுக் கோட்டையான அக்ரோபொலிஸுக்கு இப்போது நேரம் குறித்த டிக்கெட், ஒரு நாளுக்கு 20,000 பேர் வரம்பு. காலை 8 மணி டிக்கெட்டை எடுங்கள். கடும் வெயில் நாட்களில் நண்பகல் முதல் மாலை 5 வரை மூடிவிடும் வழக்கம் அண்மை ஆண்டுகளில் வந்துவிட்டது. மதியம் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தால் கதவுதான் தெரியும்.

கப்பலில் ஏறியதும் இரண்டு வேலை. கைப்பேசியை விமான நிலைக்கு மாற்றுங்கள். கரை விலகியதும் கப்பலின் சொந்தச் செயற்கைக்கோள் வலைப்பின்னலை அது பிடித்துக்கொள்ளும், பில் பயங்கரமாக வரும். அடுத்து பாஸ்போர்ட். சில கப்பல்களில் வாங்கி வைத்துக்கொள்வார்கள், அது வழக்கம்தான், பயப்பட ஒன்றுமில்லை. கொடுக்கும் முன் படப் பக்கம், விசாப் பக்கம் இரண்டுக்கும் காகித நகல் எடுத்திருக்க வேண்டும்.

நாள் 2: குஷாடசி

கப்பலை ஊரை ஒட்டியே கரையோடு கட்டி நிறுத்துவார்கள். கேங்வே எனும் இறங்குபாலத்தில் இறங்கி, கடைவளாகம் வழியே வெளியே வந்தால் டாக்சிக்காரர்கள். பண்டைய நகரத்தின் இடிபாடுகள் உள்ள எபேசு இங்கிருந்து சுமார் 20 கி.மீ.

எபேசுக்கு இரண்டு வாசல். மேல்வாசலில் நுழைந்து கீழ்வாசலில் வெளியேறுவதுதான் கால்களுக்குக் கருணை. வழி முழுக்க இறக்கம், செல்சஸ் நூலகம் கீழே வந்து சேரும்போது எதிரே நிற்கும். டோல்முஷ் எனப்படும் மினிபஸ் செல்சுக் சாலையில், கீழ்வாசலுக்குப் பிரியும் இடத்தில் இறக்கிவிடும். அங்கிருந்து ஒரு கிலோமீட்டருக்கு மேல் நடை, அப்புறம் உள்ளே ஏற்றம். நான்கு பேர் இருந்தால் டாக்சியே மேல்: மேல்வாசலில் விட்டு, கீழ்வாசலில் வந்து ஏற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

பேசும்போது நான்கு விஷயம் தெளிவாக வேண்டும்: கட்டணம் காருக்கா ஆளுக்கா, எந்தப் பணத்தில், போகவரவா, காத்திருக்கும் நேரம் எவ்வளவு. இதைத் தாளில் எழுதிக் காட்டிவிடுங்கள். பணம் திரும்பி வந்த பிறகுதான். கட்டணம் வியப்பூட்டும் அளவுக்குக் குறைவு என்றால் நடுவில் கம்பளக் கடையும் தோல் கடையும் வரும் என்று அர்த்தம். ஒரு மணி நேரம் அங்கேயே போய்விடும். பளிங்குத் தரை வழுக்கும், நிழல் கிடையாது.

இங்கே கடிகாரம் ஒரு வேலை செய்யும். துருக்கி 2016 முதல் ஆண்டு முழுக்க ஒரே நேரம். கோடையில் கிரீஸும் அதே நேரம், குழப்பம் இல்லை. குளிர்காலத்தில் ஒரு மணி வித்தியாசம். எதிரே தெரியும் சாமோஸ் தீவு கிரீஸுக்குச் சொந்தம்; கைப்பேசி சில வேளை அந்தக் கோபுரத்தைப் பிடித்து நேரத்தை மாற்றிக் காட்டும். கப்பல் நேரம்தான் நேரம். கைக்கடிகாரம் ஒன்றைக் கேபின் சுவரில் உள்ள நேரத்துக்கு வைத்துவிட்டு அதை மட்டுமே பாருங்கள்.

நாள் 3: சான்டோரினி

ஏழு நாளில் சிக்கலான நாள் இது. எரிமலைக் குழிக்குள் கடல் கிட்டத்தட்ட 400 மீட்டர் ஆழம் இறங்குகிறது, நங்கூரம் எட்டாது. கரையில் கப்பலைக் கட்டி நிறுத்தும் மேடையும் கிடையாது. அதனால் படகில் ஏற்றித்தான் இறக்குவார்கள். கப்பல் நிறுவனத்தின் சுற்றுலாக் குழுக்களை முதலில் அத்தினியோஸ் படகுத்துறைக்கு அனுப்பிவிடுவார்கள், அங்கே பேருந்து காத்திருக்கும். சொந்தமாகப் போகிறவர்களுக்கு டோக்கன். 8 மணிக்குக் கப்பல் வந்தாலும் கரையில் கால் வைக்க 9:30 ஆகலாம். டோக்கன் கொடுக்கும் இடம், நேரம் இரண்டும் முந்தைய இரவு நிகழ்ச்சித் தாளில் அச்சாகியிருக்கும். அரை மணி முன்னதாகவே போய் நில்லுங்கள்.

படகு விடுவது ஃபிராவுக்குக் கீழே, பழைய துறையில். ஊர் மேலே, மலை உச்சியில். ஏற மூன்று வழி: கேபிள் கார், ஏறத்தாழ 600 படி, கழுதை. கேபிள் கார் ஒரு தடவையில் 36 பேரை ஏற்றும். பயணம் மூன்றே நிமிடம், வரிசை அப்படியல்ல. 2025 முதல் ஒரு நாளைக்கு 8,000 கப்பல் பயணிகள் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். அந்த வரம்புக்குள்ளேயே இரண்டு மூன்று பெரிய கப்பல் அடங்கிவிடும். 36 பேர் வீதம் வகுத்துப் பாருங்கள், வரிசை ஏன் மணிக்கணக்கில் போகிறது என்று புரியும். அன்றைக்கு எத்தனை கப்பல் என்பதை முன்பதிவு செய்யும்போதே துறைமுக அட்டவணையில் பார்த்துவிடலாம்.

இதற்கு ஒரு சுற்று வழி உண்டு. பழைய துறையிலேயே, தீவின் இன்னொரு ஊரான ஓயாவுக்குக் கீழே உள்ள அம்மூடிக்குப் படகு, அங்கிருந்து ஓயா, பிறகு ஃபிராவுக்குப் பேருந்து என்று சேர்த்துச் சீட்டு விற்பார்கள். ஏறும் வரிசை மிச்சம், ஓயாவும் கூட்டம் வருமுன் கிடைக்கும். இறங்கும்போது எப்படியும் ஃபிராவில்தான். கேபிள் கார் வரிசை நீளமாக இருந்தால் படியில் இறங்கிவிடுங்கள். அரை மணி போதும். கழுதைச் சாணத்தில் வழுக்கும், பிடிப்புள்ள செருப்பு வேண்டும். கழுதைமேல் ஏறவேண்டாம் என்பதே எங்கள் கட்சி, அவற்றின் முதுகைப் பார்த்தால் உங்களுக்கே தோன்றாது. கடைசிப் படகின் நேரத்துக்கு இரண்டு மணி முன்னால் ஃபிரா விளிம்பில் நிற்கவேண்டும். எல்லோருக்கும் அந்திச் சூரியன் ஒரே நேரத்தில்தான் மறைகிறது; அதைப் பார்த்துவிட்டுக் கிளம்பினால் வரிசையின் வாலில்தான் இடம்.

ஜூலை, ஆகஸ்டில் மெல்டெமி என்ற வடகாற்று வீசும். பலமாக அடித்தால் படகு விடமாட்டார்கள், சான்டோரினியே ரத்து. அதனால் இங்கே முன்பணம் கட்டும் தனியார் வண்டிகளில், கப்பல் வராவிட்டால் பணம் திரும்ப என்று எழுத்தில் தருபவரை மட்டும் தேர்ந்தெடுங்கள். 2025 ஜூலை முதல் கிரீஸ் வசூலிக்கும் கப்பல் பயணி வரி, ஜூன் முதல் செப்டம்பர் வரை சான்டோரினியில் 20 யூரோ. மிகோனோஸ் தவிர்த்த மற்றத் துறைமுகங்களில் 5 யூரோ. கப்பல் கணக்கிலேயே சேர்ந்து வரும், கரையில் யாரும் கேட்டால் கொடுக்கவேண்டாம்.

நாள் 4: கட்டாகோலோன்

பண்டைய ஒலிம்பிக் போட்டிகள் நடந்த ஒலிம்பியாவுக்காகவே கப்பல்கள் வந்து நிற்கும் சிற்றூர். ஒலிம்பியா சுமார் 40 நிமிடம். ரயில் தடம் உண்டு, ஓடும் நாளும் நேரமும் நிலையில்லை. அதை நம்பித் திட்டம் போடாதீர்கள். துறை வாசலில் பேருந்துச் சீட்டு விற்பவர்களிடம் திரும்பும் நேரத்தை மட்டும் கேட்டு உறுதி செய்தால் போதும். இன்றிரவு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னுக்குத் திருப்பவேண்டும், இத்தாலி வருகிறது.

நாள் 5: மெசினா

கப்பல் ஊருக்குள்ளேயே நிற்கிறது. பேராலயம் பத்து நிமிட நடை. நண்பகல் 12 மணிக்கு அதன் கோபுரக் கடிகாரத்தில் சிங்கம் கர்ஜிக்கும், சேவல் கூவும், பொம்மைகள் நகரும். டாவோர்மினா போகிறவர்கள் ரயிலில் போகலாம், சுமார் 50 கி.மீ. ரயில் நிலையம் கடற்கரையில், ஊர் மலைமேல், நடுவில் ஒரு பேருந்து. இந்தப் பேருந்தைக் கணக்கில் எடுக்காமல் ரயில் நேரத்தை மட்டும் பார்த்துவிட்டுத்தான் பலர் திரும்பும்போது பதறுகிறார்கள். இரண்டும் ஒரே நாளில் வேண்டாம்.

நாள் 6: நேப்பிள்ஸ்

எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பெய்க்கான நாள். 2024 நவம்பர் 15 முதல் இங்கே ஒரு நாளுக்கு 20,000 பேர்தான், டிக்கெட்டில் பெயரும் இருக்கும். வாசலில் அடையாள ஆவணம் கேட்டால் காட்டவேண்டும். பாஸ்போர்ட் கப்பலிடம் இருந்தால் படம் உள்ள வேறு அடையாள அட்டையும், பாஸ்போர்ட் நகலும். நான்கு டிக்கெட்டையும் ஒரே பெயரில் எடுத்துவிடாதீர்கள். பை 30 × 30 × 15 செ.மீ.க்குப் பெரிதாக இருக்கக்கூடாது.

வழி: துறைமுகத்துக்கு எதிரே முனிச்சிப்பியோ மெட்ரோ, 1ஆம் தடத்தில் மூன்றாவது நிறுத்தம் கரிபால்டி. அங்கே கீழ்த்தளத்தில் சர்க்கம்வெசுவியானா ரயில், சொரெண்டோ போகும் வண்டி. இறங்கவேண்டியது பாம்பெய் ஸ்காவி – வில்லா தெய் மிஸ்தேரி. பாம்பெய் என்ற பெயரோடு வேறு நிலையங்களும் உண்டு. போஜ்ஜோமரீனோ போகும் வண்டியில் ஏறினால் பாம்பெய் சந்துவாரியோவில் போய் இறங்கி, அகழ்வாய்வின் தவறான பக்கத்தில் நிற்பீர்கள். வண்டியில் கூட்டம் நெரியும், பணப்பை முன்பக்கம்.

இனிக் கணக்கு. இதைப் பின்னாலிருந்துதான் போடவேண்டும். கப்பல் 18:00 மணிக்குக் கிளம்புகிறது, எல்லோரும் ஏறியிருக்க வேண்டியது 17:30 என்று வைத்துக்கொள்வோம். ரயிலை நம்பும் நாளில் ஒன்றரை மணி நேரம் கையிருப்பு. ஆக 16:00 மணிக்குத் துறைமுக வாசல். மெட்ரோவும் நடையும் அரை மணி, எனவே 15:30க்குக் கரிபால்டி. ரயில் 40 நிமிடம், ஆக 14:45 வண்டி. அந்த வண்டி வராது என்றே வைத்துக்கொண்டு அதற்கு முந்தையதைப் பிடிக்கவேண்டும், அதாவது 14:15. பாம்பெயிலிருந்து வெளியே 14:00. காலையில் 8:00க்குக் கப்பலைக் கரையில் கட்டினாலும் அதிகாரிகள் அனுமதி தந்து இறங்க 8:30. பாம்பெய் வாசல் 10:00. கிடைப்பது நான்கு மணி நேரம். வெசுவியஸ் எரிமலை உச்சியையும் இதில் நுழைக்கலாமா என்று கேட்பார்கள். நுழையாது.

பாம்பெய்க்குப் பதில் காப்ரித் தீவுக்குப் போவது இன்னும் கொஞ்சம் ஆபத்து. கடல் பொங்கினால் விரைவுப் படகுகள் எல்லாமே ஒன்றாக நின்றுவிடும். தீவில் டாக்சி பிடித்துக் கப்பலுக்கு வரமுடியாது. இத்தாலியில் வேலைநிறுத்தம் முன்னறிவிப்போடுதான் நடக்கும், போக்குவரத்து அமைச்சகத்தின் இணையப் பக்கத்தில் பட்டியல் இருக்கும். வேலைநிறுத்தத்துக்கான ‘ஷோப்பெரோ’ என்ற சொல்லை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு பயண வாரத்தில் ஒருதரம் பார்த்துவிடுங்கள்.

தவறவிட்டால்? நிகழ்ச்சித் தாளின் மூலையில் துறைமுக முகவரின் தொலைபேசி எண் சிறிய எழுத்தில் இருக்கும். தினமும் காலையில் அதைப் படமெடுத்துக்கொண்டு இறங்கவேண்டும். கப்பல் கிளம்பும் முன் ஆள் இல்லை என்று தெரிந்தால், கேபின் பெட்டகத்தைத் திறந்து பாஸ்போர்ட்டை எடுத்து முகவரிடம் ஒப்படைப்பது பல கப்பல்களில் நடைமுறை. அதனால் தாமதம் உறுதி என்று தெரிந்ததுமே அழையுங்கள். கப்பல் போன பிறகு அழைப்பதைவிட அது பயன். அடுத்த துறைமுகம் சிவிட்டாவெக்கியா என்பதால் நேப்பிள்ஸில் ரயில் ஏறிப் பிடித்துவிடலாம். இதே தவறு குஷாடசியில் நடந்தால் அடுத்த ஊருக்குப் போவதே இன்னொரு நாட்டுக்குள் நுழைவதுதான். பாஸ்போர்ட் இல்லாமல் அசையமுடியாது. பாஸ்போர்ட் உங்களிடமே இருக்கும் கப்பல் என்றால் அந்த ஒரு நாளில் மட்டும் அசலையே உடம்போடு ஒட்டிய பையில் கொண்டுபோவது எங்கள் வழக்கம். மற்ற நாட்களில் நகல் போதும்.

நாள் 7: சிவிட்டாவெக்கியா

நேற்றிரவே பெரிய பெட்டிகள் வண்ணச் சீட்டோடு கேபின் வாசலுக்குப் போயிருக்கும். பாஸ்போர்ட், மாத்திரை, இன்று போடவேண்டிய உடுப்பு, செருப்பு இவை கைப்பையில். செருப்பைப் பெட்டிக்குள் பூட்டி அனுப்பிவிட்டு வெறுங்காலில் நிற்பவர் எல்லாக் கப்பலிலும் ஒருவராவது உண்டு. பெட்டியைத் தானே இழுத்து இறங்க முடிந்தால் அதற்கென்று தனி வரிசை, அதுதான் முதலில் வெளியேறும்.

துறைமுகத்துக்குள் நடக்கவிடமாட்டார்கள். ஷட்டில் பேருந்து லார்கோ தெல்லா பாச்சே வரை. அங்கிருந்து ரயில் நிலையத்துக்கு உள்ளூர்ப் பேருந்து. ரோம் போகிறவர்கள் நேர் வண்டியில் டெர்மினி நிலையம். ஃபியூமிச்சினோ விமான நிலையம் என்றால் ரோமுக்குள் போகவேண்டாம்; டிராஸ்தேவெரேயில் இறங்கி எஃப்.எல்.1 வண்டி மாறுங்கள். தாள் டிக்கெட்டை ஏறும் முன் நடைமேடைக் கருவியில் குத்தவேண்டும், மறந்தால் அபராதம்.

8 மணிக்கு இறங்கினால் 8:30 ஷட்டில், 9:15 வாக்கில் ரயில், 10:15 டிராஸ்தேவெரே, 11 மணி சுமாருக்கு விமான நிலையம். அங்கே பெட்டி போட ஒரு வரிசை, ஷெங்கனை விட்டு வெளியேற விரல்ரேகை வரிசை இன்னொன்று. 14:00 மணிக்கு முந்தைய வெளிநாட்டு விமானம் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் எடுக்காதீர்கள்.